ரயில், கப்பல், விமானப் பைத்தியங்களுக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

ரயில், விமானம், கப்பல் என்று அலைகிற ஆளுக்கு யாராவது புத்தகம் பரிசு கொடுத்தால் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வழவழத் தாள், தூக்கினால் கை வலிக்கிற கனம், பக்கத்துக்கு ஒரு இன்ஜின் படம், படத்துக்குக் கீழே எடை, நீளம், வேகம், குதிரைத்திறன். என் அலமாரியில் இந்த ரகத்துக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது, கொடுத்தவர்கள் வீட்டுக்கு வரும்போது கண்ணில் படட்டும் என்று வைத்திருக்கிறேன். அதில் உள்ள அத்தனை விவரமும் இன்றைக்குப் போனிலேயே கிடைத்துவிடும். இன்னொரு ரகம் கம்பெனிக்காரர்கள் சொந்தச் செலவில் போடும் பொன்விழா மலர். நிறுவனர் சின்ன வயதிலிருந்தே நேர்மையானவர், ராப்பகலாக உழைத்தார், வண்டி ஓடியது, சுபம். இந்த இரண்டையும் தள்ளிவிட்டு, உட்கார்ந்து படிக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று புதுச்சேரி, கடலூர் பக்கத்து நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

என் அளவுகோல் ரொம்ப எளிமை. அந்த வண்டியை ஓட்டியவர், பழுது பார்த்தவர், உட்கார்ந்து கணக்குப் போட்டவர், இவர்களில் ஒருவராவது புத்தகத்துக்குள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். எங்கே சொதப்பியது, ஏன் சொதப்பியது என்பதையும் மழுப்பாமல் சொல்லியிருக்க வேண்டும். இப்படிச் சலித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெரும்பாலும் ஆங்கிலம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, தமிழில் இந்தத் துறைக்கு ஆள் பஞ்சம்.

முதல் இடம் நெவில் ஷூட்டின் 'ஸ்லைட் ரூல்'. 1954-ல் வந்த தன்வரலாறு. ஷூட் பெயர் வாங்கியது நாவல்களால், ஆனால் செய்த தொழில் விமானப் பொறியியல். 1920-களில் பிரிட்டனில் இரண்டு ராட்சத ஆகாயக் கப்பல்களை, அதாவது உள்ளே வாயுப் பைகள் வைத்து மிதந்து பறப்பவற்றை, கட்டினார்கள். ஆர் 100-ஐக் கட்டியது தனியார் கம்பெனி, ஆர் 101-ஐக் கட்டியது விமான அமைச்சகமே. யாருடைய கைவேலை தேவலை என்று பார்த்துவிடலாம் என்பது ஏற்பாடு. ஷூட் தனியார் பக்கம், பார்ன்ஸ் வாலிஸுக்குக் கீழே, தாங்குதிறன் கணக்குப் போடும் குழுவுக்குத் தலைவர். கம்ப்யூட்டர் கிடையாது. கப்பலின் குறுக்கே வரும் ஒவ்வொரு வளையச் சட்டத்திலும் எந்தக் கம்பி இழுபடும், எது தொய்ந்து போகும் என்று முதலில் ஊகம் செய்துகொள்ள வேண்டும், அதை வைத்துச் சமன்பாடுகளை ஸ்லைட் ரூல் என்ற, கணக்குப் போடும் நகரும் அளவுகோலைத் தள்ளித் தள்ளி, தாள் தாளாகத் தீர்த்துக்கொண்டே போக வேண்டும், முடிவில் ஏதோ ஒரு கம்பி அழுத்தத்தைத் தாங்குவதாக விடை வந்துவிட்டால் (கம்பி எங்கே அழுத்தத்தைத் தாங்கும்?) அத்தனை தாளையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு ஊகத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒரு சட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் வேலை. கேட்கும்போது அறுவையாகத்தான் தெரியும். படித்துப் பாருங்கள், கணக்கு ஒருவழியாக நேர் ஆகும் இடத்தில் மனுஷனுக்கு வரும் சந்தோஷம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆர் 101 கிளம்பியது இந்தியாவுக்கு. அன்றைய இந்தியாவில் இருந்த கராச்சியில் அதைக் கட்டி நிறுத்தக் கோபுரமும், உள்ளே விட மாபெரும் கொட்டகையும் தயாராக நின்றன. கப்பலுக்கு எடை அதிகம், தூக்கும் சக்தி போதவில்லை என்று தெரிந்ததும் நடுவில் வெட்டி இன்னொரு வாயுப் பையைச் செருகி நீளமாக்கினார்கள். அதற்கப்புறம் சோதனை ஓட்டங்களை முழுசாக முடிக்கவும் இல்லை. அமைச்சர் லார்ட் தாம்சனுக்கு இந்தியா போய்விட்டு மாநாட்டுக்கு லண்டன் திரும்பியாக வேண்டும். 1930 அக்டோபர் 4 சாயங்காலம் அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது, விடிவதற்குள் பிரான்ஸில் போவே நகரத்துப் பக்கம் விழுந்து எரிந்தது. இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள், அமைச்சரும்தான். ஆர் 101-ன் மேலுறைத் துணியில் ஒரு துண்டை யாரோ ஷூட் கையில் கொடுக்க, அதைக் கசக்கியதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது என்று எழுதுகிறார், புத்தகத்தில் என்னை நிறுத்திவிட்ட இடம் அதுதான். கனடா போய்ப் பத்திரமாகத் திரும்பிய ஆர் 100-ஐ என்ன செய்தார்கள்? உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

குறை என்றால், ஷூட் சொல்வது ஒரு தரப்பு வாதம். எதிர்த்தரப்பில் பதில் சொல்லியிருக்கக்கூடிய முக்கியமான ஆட்கள் பலர் அந்தக் கப்பலிலேயே போய்விட்டார்கள். அரசாங்கம் செய்தால் கெடும், தனியார் செய்தால் உருப்படும் என்ற அவருடைய முடிவை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. பின்பாதியில் 1931-ல் அவர் தொடங்கிய ஏர்ஸ்பீட் விமானக் கம்பெனியின் கதை வருகிறது. பணத்துக்கு அலைவது, சம்பள நாள் வந்தால் வயிற்றைக் கலக்குவது என்று போகும். சின்னதாகப் பட்டறையோ தொழிலோ நடத்துகிறவர்கள் முன்பாதியைவிட இதைத்தான் ரசிப்பார்கள்.

அடுத்தது எல்.டி.சி. ரோல்ட்டின் 'ரெட் ஃபார் டேஞ்சர்'. 1955-ல் வந்தது, பிரிட்டிஷ் ரயில் விபத்துகளைப் பற்றியது. விபத்து என்றதும் ரத்தமும் அலறலும் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். ரோல்ட் விசாரணை அறிக்கைகளை உட்கார்ந்து படித்தவர், சிக்னல் எப்படி வேலை செய்யும், பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று நமக்குப் புரியவைத்துவிட்டுத்தான் விபத்துக்கே வருவார். 1889-ல் அயர்லாந்தில் ஆர்மா என்ற இடத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலா போன ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது, பாதிப் பெட்டிகளைக் கழற்றி முன்னால் கொண்டுபோகப் பார்த்தபோது பின்பாதி பின்னோக்கி உருண்டு அடுத்து வந்த ரயிலில் மோதியது. அந்த வருஷமே சட்டம் போட்டார்கள், பயணிகள் வண்டி என்றால் எல்லாப் பெட்டிக்கும் சேர்ந்தாற்போல் பிடிக்கும் பிரேக் இருக்க வேண்டும், பெட்டி அறுந்துபோனால் அது தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. நாம் இன்று அலட்டிக்கொள்ளாமல் ஏறி உட்காரும் ஒவ்வொரு வசதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு நாள் இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் நம்ம ஊர்க்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது ஏபர்மியூல் அத்தியாயம். வேல்ஸில் ஒற்றைப் பாதை, 1921 ஜனவரி 26. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு வண்டிதான் போகலாம், அதற்கு அத்தாட்சியாக டிரைவர் கையில் ஒரு உலோக வில்லை இருக்க வேண்டும், அது இல்லாமல் நகரக் கூடாது. ஏபர்மியூலில் வில்லையை வெளியே எடுக்கும் கருவி சிக்னல் கேபினில் இல்லை, ஸ்டேஷன் கட்டடத்தில் இருந்தது, அதைத் தொடக்கூடாதவர்கள் எல்லாரும் தொட்டுப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டர் விடுப்பு, பதிலுக்கு வேறொருவர். வந்து நின்ற வண்டியின் டிரைவரிடம் வாங்கிய பழைய வில்லை கை மாறி, கை மாறி, அடுத்த பகுதிக்கான புதிய வில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொள்ள, அதே டிரைவர் கைக்கே திரும்பி வந்தது. அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ். 17 பேர். ஒரே ஒருவர் அந்த எழுத்தைப் படித்திருந்தால் போதும். ரோல்ட் இதில் யாரையும் திட்டுவதில்லை, ஒவ்வொருவரும் அந்த நிமிஷத்தில் எங்கே நின்றார், என்ன நினைத்தார் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார்.

கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை என்று மீட்டர் கேஜ் காலத்தில் போய் வந்தவர்களுக்கு இது அன்னியமான விஷயமே கிடையாது. பிளாட்பார முனையில் பாயிண்ட்ஸ்மேன் பெரிய பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார், வளையத்தின் அடியில் தோல் பை, பைக்குள் உலோக உருண்டை. நிற்காத வண்டியாக இருந்தால் இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அதை அப்படியே தோள்வரை மாட்டி வாங்கிக்கொள்ளும், பழைய வளையம் கொஞ்ச தூரம் தள்ளிப் பிளாட்பாரத்தில் உருண்டு விழும். வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏபர்மியூல் படித்த பிறகு, அந்த உருண்டையில் எந்த இரண்டு ஸ்டேஷன் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதுதான் மொத்த உயிருக்கும் காவல் என்று உறைக்கிறது.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான், லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். மேடைக்கு மேடை சொல்லியாகிவிட்டது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது, பாலம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது, அன்று ராத்திரி அந்தப் பாதையைப் பார்க்க யார் போனார்கள், முன் ஸ்டேஷனில் என்ன தகவல் இருந்தது என்று ரோல்ட் மாதிரி உட்கார்ந்து எழுதிய ஒரு தமிழ்ப் புத்தகத்தை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. அமைச்சர் பதவி விலகியது மட்டும் நினைவில் நிற்கிறது, விபத்து நிற்கவில்லை.

சரி, நம்ம ஊர் ரயிலுக்கு என்னதான் இருக்கிறது என்றால், தென்னிந்திய ரயில்வே கம்பெனியே வெளியிட்ட பழைய படங்களுடன் கூடிய வழிகாட்டி. 1900-ல் ஒன்று, 1926-ல் ஒன்று எனப் பதிப்புகள் உண்டு, பழைய பிரதிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். இதைப் புத்தகமாகப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். உங்கள் ஊர் ஸ்டேஷனைத் தேடி எடுங்கள். ஜனத்தொகை எவ்வளவு, தங்க இடம் உண்டா, ஸ்டேஷனில் இறங்கினால் மாட்டுவண்டி கிடைக்குமா, ஜட்கா கிடைக்குமா, என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், எந்த மாதத்தில் எந்தத் திருவிழா என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒவ்வொரு ஊருக்கும் இருக்கும். வெள்ளைக்காரப் பயணிக்காக எழுதியது, அந்தத் தோரணை வரிக்கு வரி தெரியும், இந்துக்களுக்குச் சத்திரம், துரைக்குச் சிற்றுண்டி அறை என்று பிரித்துத்தான் சொல்வான். ஆனால் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் பாதை போட்டார்களே, அந்தப் பாதையால் யாருக்கு என்ன லாபம், சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்று யோசிக்க இதைவிட நல்ல மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிப் பழைய புத்தகங்களை ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் ஆட்கள் இணையத்தில் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வாங்கிய பிரதியில் மடித்து வைத்த வரைபடங்களை விரிக்காமலே ஸ்கேன் செய்திருக்கிறார்கள், அதாவது வரைபடத்தின் வெற்று முதுகு மட்டும் அழகாக அச்சாகி வந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டை விரல். பணம் திரும்பக் கேட்டேன், பதிலே இல்லை. ரயில் புத்தகத்தில் வரைபடம் இல்லையென்றால் பாதிப் புத்தகம் இல்லை, அதனால் மாதிரிப் பக்கம் காட்டாதவர்களிடம் வாங்காதீர்கள். முறையான மறுபதிப்பகம் போட்ட பிரதி விலை கூடுதலாக இருந்தாலும் அதுவே மேல்.

கப்பலுக்கு வருவோம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக்குறிப்பைப் போக்குவரத்துப் புத்தகமாகப் படிக்காமல் இருப்பது அநியாயம். எல்லாரும் அதில் பிரெஞ்சுக் கவர்னர் தூப்ளேயையும் அரண்மனைச் சூதையும் தேடுகிறார்கள். நான் தேடுவது கப்பல். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை, எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, கோட்டையிலிருந்து எத்தனை பீரங்கி போட்டார்கள், கப்பலில் இருந்து யார் இறங்கினார், என்ன சேதி கொண்டுவந்தார் என்று வந்துகொண்டே இருக்கும். பிள்ளை வியாபாரி, சொந்தமாகவும் கப்பல் வைத்திருந்தவர், அதனால் சரக்கு விஷயத்தில் கண் தப்பாது. 1746-ல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்ததும், அடுத்த மாதமே ஐப்பசிப் புயலில் அவருடைய கப்பல்கள் நாசமானதும் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரி. இங்கே துறைமுகத்தில் நின்று சேதிக்குக் காத்திருப்பவர்களின் கண் வழியாகத் தெரியும், ஒரு நாள் ஒரு சேதி, மறுநாள் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. பன்னிரண்டு தொகுதியையும் வாங்கு என்று சொல்லமாட்டேன். 1746-ஐ ஒட்டிய தொகுதியை நூலகத்தில் எடுங்கள். அந்தத் தமிழ் முதல் சில பக்கங்கள் இழுக்கும், அப்புறம் பழகிவிடும்.

அந்தக் காலத்துச் சேதி எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்குக் கடலூரைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 போர்க்கப்பல்களும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதல் கையெழுத்து ஜனவரியிலேயே போட்டாகிவிட்டது. சேதி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். இந்தச் சண்டையை எல்லாம் விளக்கமாகப் படிக்க அமெரிக்கக் கடற்படை அதிகாரி மகான் 1890-ல் எழுதிய கடல் வலிமை பற்றிய பெரிய புத்தகம் இருக்கிறது, சுஃப்ரானை ரொம்பவே மெச்சி எழுதுகிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், மற்றதெல்லாம் கடற்படைக் கல்லூரிக்காரர்களுக்கு.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த அலையை யார் தாண்டினார்கள் என்பதை ஜேம்ஸ் ஹார்னெல் எழுதியிருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர், 1946-ல் வந்த அவருடைய 'வாட்டர் டிரான்ஸ்போர்ட்' உலகம் முழுவதும் உள்ள படகுகளைப் பற்றியது. அதில் நம்ம கரையின் மசூலாப் படகு வருகிறது: பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்து, உள்ளே விலாக்கட்டை இல்லாமல் கட்டியது, அலை தூக்கித் தரையில் போட்டாலும் உடையாமல் நெளிந்து கொடுக்கும். கட்டுமரத்தையும் முடிச்சுவரை விவரிக்கிறார். தேவனாம்பட்டினம் கரையில் இன்று நிற்பதெல்லாம் ஃபைபர் படகு. கட்டை கட்டிக் கடலுக்குப் போன பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டினால் எந்தக் கட்டை எங்கே வரும் என்று அவர்களே திருத்திச் சொல்வார்கள். வறண்ட நடை, அகராதி மாதிரி இருக்கும், அதற்குத் தயாராக எடுங்கள்.

விமானத்துக்குத் திரும்பினால், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி, செந்தெக்ஸுபெரியை மூலத்திலேயே படிக்கலாம். பிரெஞ்சுப் புத்தகக் கடை இருக்கிறது, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பத்து வீடுகளில் பழைய பிரதிகள் கிடக்கும், பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர். 1939-ல் வந்த 'தெர் தெ ஸோம்', ஆங்கிலத்தில் 'விண்ட், சேண்ட் அண்ட் ஸ்டார்ஸ்'. தபால் விமானம் ஓட்டியவர் எழுதியது. நண்பர் கியோமே 1930-ல் ஆண்டீஸ் பனியில் இறங்கி, உட்கார்ந்தால் தூங்கிச் செத்துவிடுவோம் என்று நாள் கணக்கில் நடந்தே வெளியே வந்ததும், 1935 டிசம்பரில் இவரும் மெக்கானிக் பிரெவோவும் லிபியப் பாலைவனத்தில் மோதித் தண்ணீர் இல்லாமல் அலைந்ததும் இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் பிரெஞ்சில் இல்லாத பகுதிகள் சில உண்டு, அதில் ஒன்று படகோனியாவில் சூறைக்காற்றோடு மல்லுக்கட்டிக் கடல் பக்கம் தள்ளப்படும் அத்தியாயம். 2011 டிசம்பரில் தானே புயலை வீட்டுக்குள் இருந்து கேட்ட கடலூர்க்காரர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எனக்கு ஒரே மனத்தாங்கல், மனுஷன் ஒரு நல்ல சம்பவத்தைச் சொல்லிவிட்டு அடுத்த நாலு பக்கம் மானுடம், பொறுப்பு என்று உபதேசத்தில் இறங்கிவிடுவார். அங்கே வேகமாகப் புரட்டலாம், பாவமில்லை.

உபதேசம் வேண்டாம், பைலட் வேலை மட்டும் வேண்டும் என்றால் எர்னஸ்ட் கான் எழுதிய 'ஃபேட் இஸ் தி ஹன்டர்', 1961. புத்தகம் தொடங்குவதே கூடப் பறந்து இறந்துபோன விமானிகளின் பெயர்ப் பட்டியலோடு, பக்கம் பக்கமாக. ஆக்ராவில் நடந்த ஒரு சம்பவத்துக்காகவே வாங்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலம், சி 87 சரக்கு விமானம், சொன்னதைவிட அதிகமாகப் பெட்ரோல் நிரப்பியிருக்கிறார்கள், இவருக்குத் தெரியாது. வெயிலில் விமானம் மேலே ஏறமாட்டேன் என்கிறது, நேர் எதிரே தாஜ்மகால். கடைசி நொடியில் இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை (ஃப்ளாப்) முழுசாக இறக்கி, அது கொடுத்த ஒரு எம்பலில் தாண்டினார். தாஜ்மகால் தப்பித்த கதையை இந்தியாவில் எத்தனை பேருக்குத் தெரியும்! திறமை இருந்தவர்களும் செத்தார்கள், எனக்கு ஏன் சாவு வரவில்லை என்ற கேள்விதான் புத்தகம் முழுக்க. முழுசும் படித்துவிட்டு உடனே விமானத்தில் ஏறாதீர்கள்.

ரைட் சகோதரர்களுக்கு டேவிட் மெக்கல்லோ 2015-ல் எழுதியது போதும். சைக்கிள் கடை, காற்றுச் சுரங்கம், 1903 டிசம்பர் 17, முதல் தடவை 12 வினாடி, கடைசித் தடவை 59 வினாடி, தங்கை கேத்தரின் என்று சரளமாகப் போகும். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கவும் நல்லது. இன்ஜினைக் கையால் கடைந்து கொடுத்த சார்லி டெய்லருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஆர்.எம். லாலா எழுதிய வாழ்க்கை வரலாறு. 1932 அக்டோபர் 15 கராச்சியிலிருந்து ஜூஹு வரை அவர் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுபோனதும் நன்றாக வருகிறது. லாலாவுக்கு நாயகன் மேல் பக்தி, அதனால் பொன்விழா மலரின் வாசனை அங்கங்கே அடிக்கும்.

யாருமே விரும்பிக் கேட்காத, ஆனால் நான் எல்லாரிடமும் வற்புறுத்தும் புத்தகம் மார்க் லெவின்சனின் 'தி பாக்ஸ்'. கன்டெய்னர் பெட்டியைப் பற்றியது. ஆமாம், அந்தத் தகரப் பெட்டிதான். 1956 ஏப்ரல் 26, லாரி முதலாளி மால்கம் மெக்லீன் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்புகிறார். மூட்டை மூட்டையாக ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன இடத்தில் 16 சென்டுக்கும் குறைவாக முடிந்தது. அதற்கப்புறம் பெட்டி எத்தனை அடி இருக்க வேண்டும், மூலையில் பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் நடந்த சண்டை, கப்பல்துறைத் தொழிலாளர் சங்கங்கள் போட்ட ஒப்பந்தம், வியட்நாம் போர், செத்துப்போன பழைய துறைமுகங்கள். கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெயர் சொல்லாமலே நம்ம ஊர் வருகிறது. கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, பார்ஜ் என்ற தட்டைப் படகில் போய்ச் சரக்கை இறக்கி ஆற்றுமுகத்துக்குக் கொண்டுவந்த துறைமுகம் அது. பெட்டிக் கப்பலுக்கு ஆழமான பெர்த்தும் கிரேனும் பெட்டியை அடுக்கக் காலி நிலமும் வேண்டும், இது மூன்றும் இல்லாத இடத்துக்கு அது எதற்கு வரப்போகிறது? முதல் ஐம்பது பக்கம் தாண்டிவிட்டால் கீழே வைக்க மாட்டீர்கள்.

கம்பெனிக் கதை என்றாலே வெறுப்பு என்பவர்களும் படிக்க வேண்டியது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'ஸ்வதேசி ஸ்டீம்', 2023. வ.உ.சி. கப்பல் ஓட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு விட்டுவிட்டோம். 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கம்பெனி, 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று 10 லட்சம் மூலதனம் திரட்டப் பார்த்தது, கேலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது என்று, கப்பல் கம்பெனி ஒன்று எப்படி நடக்கும், எப்படி நொடிக்கும் என்பதைப் பணக்கணக்கோடு காட்டுகிறார். தியாகி என்று மாலை போட்டு உட்காரவைக்காமல், பங்கு விற்க ஊர் ஊராக அலையும் ஆளாக வ.உ.சி.யைப் பார்க்கிறோம். அடிக்குறிப்பு கூடுதல், ஆராய்ச்சியாளர் எழுதியது, அது தெரியும். ஆனாலும் இந்தப் பட்டியலில் நம்ம கரையைப் பற்றி முழுசாக ஒருவர் உழைத்து எழுதியது இதுதான்.

வாங்குவது எப்படி? புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் பரப்புகிறவர்களிடம் கானும் ஷூட்டும் எப்போதாவது தலை காட்டுவார்கள், ஷூட்டை நாவல் குவியலில் தேடுங்கள், கடைக்காரர் அங்கேதான் போட்டிருப்பார். காலையில் போனால்தான் உண்டு, மத்தியானத்துக்கு மேல் துணிமணிக் கூட்டத்தில் நுழையவே முடியாது. 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலான் நூலகத்தில் பிள்ளையின் குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். மகான், ரயில்வே வழிகாட்டி இரண்டும் இணையத்தில் இலவசம். 'தி பாக்ஸ்', மெக்கல்லோ, லாலா, வேங்கடாசலபதி எல்லாம் சாதாரணமாக ஆர்டர் போட்டால் வரும். ஹார்னெல் விலை கட்டுப்படியாகாது, யாராவது நூலக அட்டை வைத்திருக்கும் பேராசிரியரைப் பிடியுங்கள்.

ரோல்ட் வாங்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். அவருக்குப் பிறகு ஜெஃப்ரி கிச்சன்சைட் பிந்தைய விபத்துகளைச் சேர்த்துத் திருத்திய பதிப்புகள் இருக்கின்றன, விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் அதையே எடுத்துவிடுங்கள். சிக்னல் படங்கள் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் விற்கிறவரிடம் முன்கூட்டியே ஒரு போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.